பித்த அமிலம் 31 என்று வந்தால் டிபி மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

பின்னால் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு 58 வயது, கேரள எல்லையில் வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பு. நுரையீரலில் டிபி என்று உறுதியாகி மாத்திரை தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. டிபி மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று யாரோ பயமுறுத்த, கோவையில் ஒரு லேபில் பெரிய பேக்கேஜாகப் பார்த்து ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். கல்லீரலுக்கு வழக்கமாகப் பார்ப்பவற்றில் எஸ்ஜிபிடி 34, காமாலையில் ஏறும் மஞ்சள் நிறப்பொருளான பிலிருபின் 1.3, அல்கலைன் பாஸ்படேஸ் சரியாகவே இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில் டோட்டல் பைல் ஆசிட்ஸ், அதாவது மொத்தப் பித்த அமிலம், 31 என்று சிவப்பில் வந்திருக்கிறது, 10க்குள் இருக்க வேண்டும் என்ற குறிப்போடு. தேடிப் பார்த்தால், மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பை இது முன்கூட்டியே காட்டும் என்று எங்கோ எழுதியிருக்கிறது. சித்தப்பா மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார், நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம். இந்த ஒரு எண்ணை வைத்து ஒரு வேளை மாத்திரைகூடத் தவறக் கூடாது. அதை முதலில் சொல்லிவிட்டு மீதிக்குப் போகிறேன், ஏனென்றால் நீங்கள் உண்மையில் கேட்பது மாத்திரையைப் பற்றி மட்டும் இல்லை. பித்த அமிலம் என்கிற எண் உங்கள் அப்பாவுக்கு நாளை வரப்போவதை இன்றைக்கே சொல்லுமா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. மருந்து கண்டுபிடிக்கும் கம்பெனிகளும் ஆராய்ச்சிக்காரர்களும் பல வருடமாக மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே கேள்வியில்தான். நான் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலேயே பிறந்து வளர்ந்தவன், உயிர்வேதியியல் படித்துவிட்டு 22 வருடமாக எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மருத்துவமனை லேபில் இருக்கிறேன். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, உங்கள் அப்பாவைப் பார்த்ததும் இல்லை. ஒரு ரிப்போர்ட்டில் இருக்கும் எண் எப்படி உருவாகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அந்த எல்லைக்குள் நின்று எழுதுகிறேன்.

பித்த அமிலம் என்பது விஷமும் இல்லை, நோயும் இல்லை. கல்லீரல் கொழுப்பிலிருந்து, அதாவது கொலஸ்டிராலிலிருந்து செய்கிற ஒரு வகை சோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் இருக்கும் எண்ணெயைக் கரைத்துக் குடல் உறிஞ்சுவதற்கு இது வேண்டும். கோலிக் அமிலம், கீனோடிஆக்சிகோலிக் அமிலம் என்று இரண்டைக் கல்லீரல் செய்கிறது. குடலில் இருக்கும் பாக்டீரியா அவற்றை மாற்றி டிஆக்சிகோலிக், லித்தோகோலிக் என்று வேறு இரண்டை உண்டாக்குகிறது. உடம்பில் மொத்தமாக இருப்பது 2 முதல் 4 கிராம்தான். ஆனால் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருள் இல்லை இது. பித்தப்பையிலிருந்து குடலுக்குப் போய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 95 சதவீதம் வரை திரும்ப உறிஞ்சப்பட்டு, போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்கே வந்து, கல்லீரல் செல் அதைப் பிடித்து மறுபடியும் பித்தத்துக்குள் தள்ளுகிறது. ஒரு நாளைக்குப் பல முறை இந்தச் சுற்று நடக்கிறது, சாப்பிடும்போதெல்லாம் வேகமாக. கல்லீரல் பிடிக்காமல் தப்பித்துப் பொது ரத்தத்துக்கு வரும் சிறு பங்கைத்தான் கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் நாங்கள் அளக்கிறோம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு வாய்க்காலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். ஆழியாற்றுத் தண்ணீர் வரும் வாய்க்காலில் உங்கள் வயலுக்கு முன்னால் தண்ணீர் மட்டம் ஏறி நிற்கிறது என்றால் பல காரணம் இருக்கலாம். மேலே அதிகமாகத் திறந்துவிட்டிருக்கலாம், கீழே யாரோ மதகுப் பலகையை இறக்கியிருக்கலாம், நடுவில் மண் சரிந்து அடைத்திருக்கலாம். கரை உடைந்துவிட்டது என்பது வேறு விஷயம், அது வயலில் தண்ணீர் பாய்வதைப் பார்த்தால் தெரியும். எஸ்ஜிபிடி என்பது கரை உடைந்ததைக் காட்டும் எண், அதாவது கல்லீரல் செல் அடிபட்டு உள்ளே இருந்த நொதி வெளியே கசிந்ததைக் காட்டுவது. பித்த அமிலம் தண்ணீர் மட்டம். உங்கள் அப்பாவுக்கு மட்டம் ஏறியிருக்கிறது, கரை உடையவில்லை.

சரி, மட்டம் ஏன் ஏறியது? உங்கள் பதிவிலேயே பதில் பாதி இருக்கிறது. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போட்டார், அப்புறம் டீயும் இரண்டு இட்லியும் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணி சுமாருக்கு ரத்தம் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கும், பித்த அமிலம் குடலுக்குப் பாயும், அதில் ஒரு பங்கு ரத்தத்துக்கு வரும். ஆரோக்கியமான ஆளுக்கே சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் வயிற்று அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு ஏறுவது சாதாரணம். அந்த 10 என்கிற வரம்பு வெறும் வயிற்றுக்கு வைத்தது. சாப்பிட்டவரின் எண்ணை வெறும் வயிற்று வரம்போடு ஒப்பிட்டுக் கம்ப்யூட்டர் தானாகச் சிவப்பு அடித்திருக்கிறது, அதற்கு இட்லி தெரியாது. இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் நிறைய. போன வருடம் ஒரு பெரியவர், வெறும் வயிறுதான் என்று அடித்துச் சொன்னார். ரத்தம் பிடித்த டெஸ்ட் குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால், தெளிந்த வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் நீர் மோர் மாதிரி கலங்கி நின்றது. குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கத்து விரல் தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டபோது, பஸ் ஏறும் முன்னால் செக்போஸ்ட் கடையில் ஒரு பால் டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டேன், அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கா என்று கேட்டார். அவருக்கும் அன்றைக்குப் பித்த அமிலம் கூடுதல். மறுநாள் சரியாகப் பட்டினி இருந்து வந்தபோது 6.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். உங்கள் அப்பா சாப்பிடும் மாத்திரையில் ரிஃபாம்பிசின் இருக்கிறது. கல்லீரல் செல்லின் ரத்தப் பக்கத்தில், பித்த அமிலத்தையும் பிலிருபினையும் உள்ளே இழுக்கும் புரதங்கள் சில இருக்கின்றன. மறுபக்கத்தில் பித்த அமிலத்தைப் பித்தநாளத்துக்குள் தள்ளும் பிஎஸ்இபி என்கிற பம்பு இருக்கிறது. ரிஃபாம்பிசின் இந்த இரண்டு வாசலிலும் இடம் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில், முக்கியமாகச் சிகிச்சையின் முதல் நாட்களில், பித்த அமிலமும் பிலிருபினும் கொஞ்சம் ஏறும். இது 1980களிலிருந்தே தெரிந்த விஷயம். பெரும்பாலும் கல்லீரலுக்கு எந்தக் கேடும் இல்லாமல், உடம்பு மருந்துக்குப் பழகப் பழகத் தானாக இறங்கிவிடும். மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்தில் எடுத்த ரத்தம், சிகிச்சை தொடங்கி ஒன்பதாவது நாள், சாப்பாடு முடிந்த கையோடு: 31 வருவதற்கு இவை மூன்றுமே போதும். பிலிருபின் 1.3 வந்ததற்கும் அனேகமாக ரிஃபாம்பிசின்தான் காரணம். இன்னொன்றும் சொல்கிறேன். பித்தம் தேங்கி உடம்பெல்லாம் அரிப்பெடுத்துத் தூங்க முடியாமல் தவிக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கு அந்த அரிப்பை அடக்க டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று இதே ரிஃபாம்பிசின். ஒரு மருந்து பித்த அமில எண்ணை அசைக்கிறது என்பதற்கும் கல்லீரலைக் கெடுக்கிறது என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று இதிலிருந்தே பார்க்கலாம்.

அப்படியானால் இணையத்தில் படித்தது பொய்யா? பொய் இல்லை, வேறு இடத்துக்குச் சொன்னது. மருந்து உண்டாக்கும் இடத்தில் பித்த அமிலம் பெரிய விஷயம், அதில் சந்தேகமே இல்லை. டிராக்ளிடசோன் என்று ஒரு சர்க்கரை மாத்திரை 1997இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கல்லீரல் செயலிழந்து ஆட்கள் இறந்ததால் 2000இல் திரும்பப் பெற்றார்கள். எலியில் சோதித்தபோது பெரிய அபாயம் தெரியவில்லை. பின்னால் பார்த்தால் அந்த மருந்தும், கல்லீரல் அதை மாற்றி உண்டாக்கும் சல்பேட்டும் பிஎஸ்இபி பம்பை நன்றாகவே அடைக்கின்றன. பம்பு அடைத்தால் பித்த அமிலம் செல்லுக்குள்ளேயே தேங்கும், தேங்கினால் அந்தச் சோப்பே செல்லுக்குச் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அரிக்கும். பெரிய எலிக்குப் பித்தப்பையே கிடையாது, சுண்டெலியின் பித்த அமிலத்தில் பெரும்பங்கு மியூரிகோலிக் என்கிற சாதுவான வகை. அதனால் எலி தாங்கிக்கொண்டதை மனிதக் கல்லீரல் தாங்கவில்லை என்று பலர் கருதுகிறார்கள். டிராக்ளிடசோனின் முழுக் காரணமும் இதுதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, மைட்டோகாண்ட்ரியாவை அது நேரடியாகவும் தாக்கும். ஆனால் அதற்குப் பிறகு, புது மருந்தை மனிதனுக்குக் கொடுக்கும் முன் இந்தப் பம்பை அடைக்கிறதா என்று சோதனைக் குழாயில் பார்ப்பது பல கம்பெனிகளில் வழக்கமாகிவிட்டது. ஜப்பானியக் கம்பெனியின் ஃபாசிக்ளிஃபாம் என்கிற சர்க்கரை மருந்து கடைசிக் கட்டச் சோதனையில் இருந்தபோது 2013 டிசம்பரில் கைவிடப்பட்டதும் கல்லீரல் காரணமாகத்தான், அதிலும் பிஎஸ்இபி அடைப்பு பின்னர் பேசப்பட்டது.

இதில் எனக்கு மிகத் தெளிவாகத் தோன்றும் உதாரணம் போசென்டான். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரை, சாப்பிடுகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் கல்லீரல் நொதி ஏறும். அவர்களுடைய ரத்தத்தில் பித்த அமிலமும் ஏறுவதைக் கண்டார்கள். நம் ஊரில் பல காலம் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த கிளிபென்கிளமைடு மாத்திரையும் இதே பம்பை அடைக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பித்த அமிலம் இன்னும் ஏறியது, கல்லீரல் நொதி ஏறியவர்களும் கூடினார்கள். அதனால் இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று போசென்டான் குறிப்பேட்டிலேயே போட்டிருக்கிறது. ஒரே மதகை இரண்டு பேர் இறக்குகிறார்கள். இங்கே பித்த அமிலம் சரியான வழியைக் காட்டியது, அதை மறுக்க முடியாது.

ஆனால் இதெல்லாம் மருந்தை எடை போடும் வேலை. ஒரு மருந்து கூட்டத்தில் எத்தனை பேருக்கு ஆபத்தாகும் என்று பார்ப்பது. உங்கள் அப்பா என்கிற ஒரு மனிதருக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி, அங்கே வந்தால் இந்த எண் தடுமாறுகிறது. 2010இல் வந்த ஓர் ஆய்வில் 200க்கும் மேற்பட்ட மருந்துகளை இந்தப் பம்பின் மீது சோதித்துப் பார்த்தார்கள். கல்லீரலைக் கெடுக்கும் என்று பெயரெடுத்தவை அதிகமாகப் பம்பை அடைத்தன, பொதுப் போக்கு அதுதான். ஆனால் பம்பை அடைத்தும் கல்லீரலை ஒன்றும் செய்யாத மருந்துகள் இருக்கின்றன, பம்பைத் தொடாமலே கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலை அழிக்கும், அது வேறு வழியில். உங்கள் அப்பாவின் மாத்திரையிலேயே இருக்கும் ஐசோனியாசிட் என்ன செய்கிறது தெரியுமா? அதைக் கல்லீரல் அசிட்டைல் என்கிற சிறு வேதித் துணுக்கை ஒட்டி அடக்க வேண்டும், அந்த வேலையைச் செய்யும் என்ஏடி2 நொதி சிலருக்குப் பிறவியிலேயே மெதுவாக வேலை செய்யும். மெதுவானவர்களிடம் நச்சுப் பொருள்கள் தங்கிக் கல்லீரல் பாதிப்பு அதிகம் வருகிறது. இந்தியாவில் இப்படி மெதுவானவர்கள் நிறையப் பேர். டிபிக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான பைரசினமைடின் வழி வேறு. இந்த இரண்டும் கேடு செய்யத் தொடங்கும்போது பித்த அமிலம் முதலில் மணி அடிக்கும் என்று நம்புவதற்குப் போதுமான ஆதாரம் இல்லை. டிபி நோயாளிகளில் பாதிப்பு வருவதற்கு முன்பே சில பித்த அமில வகைகள் மாறுகின்றனவா என்று பார்க்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் பிரித்து அளப்பவை. உங்கள் லேப் அளந்தது எல்லாவற்றையும் கூட்டிய மொத்தம். மொத்த எண்ணில் எது கூடியது, எது குறைந்தது என்பதே மறைந்துவிடும்.

மொத்தத்தை எப்படி அளக்கிறோம் என்பதையும் ஒரு வார்த்தை சொல்கிறேன், ஏனென்றால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பித்த அமிலங்களின் ஒரு குறிப்பிட்ட மூலையைப் பிடித்து வினை செய்யும் ஒரு நொதியைச் சேர்த்து, நிறம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று இயந்திரம் பார்க்கிறது. அந்த மூலை இருக்கிற எதுவாக இருந்தாலும் எண்ணில் சேரும். உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்று ஒரு மாத்திரை, கடையில் உர்சோ என்பார்கள், கல்லீரலுக்கு நல்லது என்று டிபி மாத்திரையோடு சிலர் எழுதிக் கொடுப்பதுண்டு. அது ஒரு பித்த அமிலமே. அதைச் சாப்பிட்டுவிட்டு இந்த டெஸ்ட் எடுத்தால் எண் ஏறத்தான் செய்யும், மருந்தையே நாங்கள் அளந்துகொண்டிருப்போம். உங்கள் அப்பாவின் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் ஒருமுறை 90 தாண்டி ஒரு ரிப்போர்ட் வந்தது, வீட்டில் அழுகை. மாத்திரைப் பையைக் கொட்டச் சொல்லிப் பார்த்தால் உர்சோ இரண்டு வேளை, அட்டையில் பாதி காலி. மற்ற எல்லா எண்ணும் நன்றாக இருந்தது. அந்த அம்மாள் மூன்று நாளாகச் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறார், இந்த ஒரு எண்ணால். பேக்கேஜில் கூடுதலாக ஒரு டெஸ்ட் சேர்த்து விற்கிறவர்கள், அதை யாருக்கு எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. தேவையில்லாத எண் ஒரு வீட்டின் தூக்கத்தைக் கெடுக்கும், சில சமயம் உயிர் காக்கும் மருந்தையே நிறுத்த வைக்கும்.

இந்த டெஸ்ட் வீண் என்று சொல்லவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பெடுத்தால் பித்த அமிலம் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே 100ஐத் தாண்டினால் வயிற்றுக் குழந்தை இறக்கும் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது, 2019இல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள், பிரசவத்தை எப்போது வைப்பது என்பதையே அந்த எண் தீர்மானிக்கிறது. எங்கள் லேபில் இந்த டெஸ்டுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு கர்ப்பிணிகளுடையதுதான். பிறவியிலேயே பிஎஸ்இபி பம்பு கெட்டுப்போன குழந்தைகளுக்கும் இது வேண்டும். பாராசிட்டமால் அதிகமாகச் சாப்பிட்டுக் கல்லீரல் செயலிழந்தவர்களில், கிளைகோடிஆக்சிகோலிக் என்கிற ஒரு வகை பிழைக்காதவர்களிடம் அதிகமாக இருந்தது என்றும் கண்டிருக்கிறார்கள். அது அடிபட்ட பிறகு எவ்வளவு மோசம் என்று சொல்வது, அடி விழும் முன்னால் சொல்வது இல்லை. மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஜிஎல்டிஎச், எம்ஐஆர்-122 என்று ரத்தத்தில் அளக்கும் இன்னும் சிலவற்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். மரபணுவில் பார்த்தால்கூட அதே கதை. ஃப்ளூக்ளாக்சசிலின் என்கிற ஆண்டிபயாட்டிக்கால் கல்லீரல் கெடுவதற்கும் எச்எல்ஏ-பி*57:01 என்கிற மரபணு வகைக்கும் மிக வலுவான தொடர்பு 2009இல் கண்டுபிடித்தார்கள். இருந்தும் அந்த வகை உள்ளவர்கள் 500, 1000 பேர் மருந்தைச் சாப்பிட்டால் அதில் ஒருவருக்குத்தான் பாதிப்பு வருகிறது. தொடர்பு உண்மை, ஆனால் ஒருவரைச் சுட்டிக் காட்டி உனக்கு வரும் என்று சொல்ல அது போதாது.

இப்போது உங்கள் அப்பாவுக்கு எது முக்கியம் என்பதற்கு வருகிறேன். டிபி மாத்திரையால் கல்லீரல் பாதிப்பு வருவது உண்மை, சித்தப்பாவின் பயம் வெறும் பயம் இல்லை. ஆய்வுக்கு ஆய்வு 2 முதல் 28 சதவீதம் வரை சொல்கிறார்கள், எதைப் பாதிப்பு என்று கணக்கு வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. இந்தியாவில் மருந்தால் கல்லீரல் கெட்ட 1288 பேரைத் தொகுத்துப் பார்த்தபோது, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு டிபி மாத்திரைதான் காரணம். பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும். அதனால் கண் வைத்திருக்க வேண்டும், ஆனால் சரியான எண்ணின் மேல். எஸ்ஜிபிடி மேல்வரம்பைப் போல ஐந்து மடங்கு தாண்டினால், உடம்புக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், டாக்டர் மாத்திரையை நிறுத்துவார். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மஞ்சள் என்று தொந்தரவு இருந்தால் மூன்று மடங்கிலேயே நிறுத்துவார். ஹைமன் சிம்மர்மன் என்கிற அமெரிக்க மருத்துவர் பல காலம் முன்பே கவனித்துச் சொன்னது இன்றைக்கும் நிற்கிறது: மருந்தால் கல்லீரல் செல் அடிபட்டு, கூடவே காமாலையும் வந்துவிட்டால், அவர்களில் பத்தில் ஒருவராவது உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போகிறார். எஸ்ஜிபிடியும் பிலிருபினும் சேர்ந்து ஏறுவதுதான் பயப்பட வேண்டிய ஜோடி. உங்கள் அப்பாவின் எஸ்ஜிபிடி 34, நாற்பதுக்குள்.

ஒரு சிக்கல், இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுவது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும், வியர்வையில் பனியனே நிறம் மாறும். அது காமாலை இல்லை. நல்ல வெளிச்சத்தில், காலை வெயிலில் வாசலில் நிற்கவைத்து, கண்ணின் கீழ் இமையை இறக்கி வெள்ளை விழியைப் பாருங்கள், மேலே பார்க்கச் சொல்லி. ட்யூப் லைட்டில் பார்க்காதீர்கள், ஒன்றும் தெரியாது. விழி வெளுப்பாக இருந்து சிறுநீர் மட்டும் ஆரஞ்சு என்றால் மருந்தின் நிறம். விழி மஞ்சள், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், மேல்வயிற்றில் வலப்பக்கம் கனம், காரணமில்லாத அசதி என்று எது வந்தாலும், அன்றைய மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே டிபி சென்டருக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்க் காட்டுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. இது அறிகுறி வந்தபோது செய்வது, நன்றாக இருக்கிறபோது நீங்களாக நிறுத்துவது வேறு. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும், அதற்கு அப்புறம் கொடுக்கும் மருந்துகள் இன்னும் கடினமானவை.

நம் பக்கத்தை அறிந்தவன் என்பதால் இரண்டு விஷயம் கேட்டே ஆக வேண்டும். ஒன்று கள். தோப்பு வைத்திருப்பவர் என்கிறீர்கள், சித்தூர்ப் பக்கத்துத் தோப்பில் கள் இறக்காத இடம் குறைவு, அது சாராயம் இல்லை உடம்புக்குக் குளிர்ச்சி என்று நினைப்பவர்கள் அதிகம். கல்லீரலுக்கு அதுவும் ஆல்கஹால்தான். சிகிச்சை முடியும் வரை ஒரு கிளாஸும் வேண்டாம், டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். இரண்டு, மாத்திரைச் சூட்டைத் தணிக்க என்று கொடுக்கும் கஷாயங்கள். கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பதை நானே சின்ன வயதில் குடித்திருக்கிறேன். தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானே சரியாகிவிடும், அதனால் கீழாநெல்லிக்கு நல்ல பெயர் நிலைத்திருக்கிறது. மருந்தால் வந்த காமாலைக்கு அதை நம்பி நாள் கடத்தினால் ஆபத்து. சீந்தில் கொடி, மலையாளத்தில் சிற்றமிர்து, எதிர்ப்புச் சக்திக்கு என்று கொரோனா காலத்தில் எல்லோரும் குடித்தார்கள். அதைக் குடித்துக் கல்லீரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், பிறகு மற்ற ஊர்களிலிருந்தும் வந்தது. எல்லோருக்கும் வரும் என்று இல்லை, ஆனால் டிபி மாத்திரையோடு சேர்த்துக் கல்லீரலுக்கு இன்னொரு வேலை வைக்க வேண்டாம். சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், அவரையும் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

இனி நடக்க வேண்டியது. பித்த அமிலத்தை மறுபடி எடுக்க வேண்டாம், அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கிக் கொடுங்கள், டிபிக்கு உடம்பு தேற வேண்டும். மாத்திரை தொடங்கும் முன் எடுத்த எல்எஃப்டி, அதாவது வழக்கமான கல்லீரல் டெஸ்ட், இருந்தால் தேடி எடுத்து வையுங்கள், அதுதான் உங்கள் அப்பாவின் சொந்த அளவு, அதோடு ஒப்பிட்டால்தான் ஏற்ற இறக்கம் புரியும். இல்லாவிட்டால் இப்போது எடுத்த 34ஐயே ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம். வயது ஐம்பதைத் தாண்டியவர், எடை குறைந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர், மஞ்சள் காமாலை பி, சி கிருமி உள்ளவர் என்றால் முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்எஃப்டி பார்க்கச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. உங்கள் டாக்டரிடம் அப்பாவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று நேராகக் கேளுங்கள். டாக்டர் மலையாளத்தில் பேசி உங்களுக்குப் பாதி புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே ஆஷா சுகாதாரப் பணியாளர் அக்காவோ நர்ஸோ யாராவது தமிழ் தெரிந்தவர் இருப்பார்கள், கூச்சப்படாமல் இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மொழிக்கு நடுவே நம் ஊரில் தொலைந்துபோகும் விஷயங்கள் கொஞ்சம் இல்லை.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் மாத்திரை போட்ட நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், வேறு என்ன மாத்திரை என்று எழுதி லேப் ஆளிடம் கொடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு, எஸ்ஜிபிடி, பிலிருபின், அல்கலைன் பாஸ்படேஸ் மூன்றையும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்குங்கள், நாளைக் காலை ஆறு மணிக்கு அப்பாவுக்கு மாத்திரை கொடுக்க எழுந்திருக்க வேண்டும்.